திட்டம் முடிந்தது, சர்வரை நிறுத்தப் போகிறார்கள்: ஆய்வுத் தரவை யாரிடம் கொடுப்பது?

குரல்வழி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். வாய்மொழி வரலாற்றுத் திட்டம் ஒன்றின் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். நிதி நின்று வெகுகாலமாகிறது. திட்டத்தை நடத்திய பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். உதவியாளர்கள் ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது கணினிப் பிரிவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எங்கள் தளம் ஓடும் சர்வரில் உள்ள பிஎச்பி என்ற நிரல்மொழியின் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டதாம், ஆறு மாதத்தில் சர்வரை நிறுத்திவிடுவார்களாம். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

கையிருப்பு இது. நேர்காணல் ஒலிப்பதிவுகள், பாதி சுருக்காத வேவ், பாதி சுருக்கிய எம்பி3, கொஞ்சம் மினிடிஸ்க் என்ற சிறு வட்டிலிருந்து மாற்றியவை. பேச்சை எழுத்தாக்கிய வேர்டு கோப்புகள், பலவற்றில் பழைய எழுத்துருக்கள். யார், எங்கே, எப்போது பேசினார் என்ற பட்டியல் ஃபைல்மேக்கர் என்ற தரவுத்தள மென்பொருளில். அதிலிருந்து யாரோ எடுத்த எக்செல் தாள்கள். ஸ்கேன் செய்த புகைப்படங்கள். எல்லாவற்றையும் வரைபடத்தோடு தேடிப் பார்க்கும் இணையதளம்.

இரண்டு வன்தட்டு வாங்கிப் போட்டு வைத்தால் போதும் என்கிறார் ஒருவர். தளத்தை அப்படியே காப்பாற்று என்கிறார் இன்னொருவர். இதில் பழக்கமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

---

வட்டும்நாடாவும்

எங்கே கொடுப்பது என்பதை மற்றவர்கள் சொல்வார்கள். அதற்கு முன்னால் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். சிதறிக் கிடப்பதையெல்லாம் ஒரே இடத்தில் குவித்து, ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 செக்சம், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண், எடுத்து ஓர் உரைக்கோப்பில் எழுதிவிடுங்கள். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும். அடுத்த ஆண்டு மறுபடி எடுத்து ஒப்பிட்டால் எது கெட்டது என்று தெரியும். செக்சம் இல்லாத மூன்று பிரதிகளில் ஒன்று வேறுபட்டு நின்றால், எது சரியானது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? இதையெல்லாம் சேர்த்துக் கட்ட பேகிட் என்ற எளிய முறை இருக்கிறது. ஒரு கோப்புறை, அதற்குள் தரவு, பக்கத்தில் செக்சம் பட்டியல், அவ்வளவுதான். 2018-இல் ஆர்எஃப்சி 8493 என்ற எண்ணில் இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்தது.

பிறகு மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். இது எல்லோரும் சொல்வதுதான். யாரும் சொல்லாதது என்னவென்றால், பேக்கப்பும் அழிக்கும். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக மீக்கணினியில் பேக்கப் ஸ்கிரிப்டைத் திருத்தினார்கள். பழைய பதிவுக் கோப்புகளை நீக்க வேண்டிய வரி, ஆய்வாளர்களின் கோப்புகளை நீக்க ஆரம்பித்தது. சுமார் 77 டெராபைட் போயிற்று. அதில் ஒரு பகுதியை மீட்கவே முடியவில்லை. உங்கள் மூன்று பிரதிகளில் ஒன்றாவது எந்தத் தானியங்கி வேலையும் தொட முடியாத இடத்தில், கம்பி பிடுங்கிய நிலையில் இருக்கட்டும்.

காந்த நாடா நல்லதுதான். எல்டிஓ என்ற நாடா வகையில் ஒன்பதாம் தலைமுறையான எல்டிஓ-9 நாடா ஒன்றில் 18 டெராபைட் கொள்ளும். நாடா முப்பது ஆண்டு தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதையும் நம்பலாம். படிக்கும் கருவிதான் தாங்காது. எல்டிஓ-7 வரை ஒரு கருவி தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தது. எல்டிஓ-8 கருவி ஒரே ஒரு தலைமுறைதான் பின்னால் போகும். எல்டிஓ-6 நாடாவை அதில் போட்டால் பேசாது.

---

மேகமூட்டம்

இவ்ளோ எதுக்குங்க? கூகுள் டிரைவ்ல ஏத்திட்டு வேலையப் பாருங்க. நம்ம அலமாரிய விட அவங்க சர்வர் பத்திரம்.

---

வட்டும்நாடாவும்

வன்பொருள் பத்திரம்தான். கணக்கு யாருடையது? பல்கலைக்கழகக் கணக்கென்றால் வேலை போன நாளில் போகும். சொந்தக் கணக்கென்றால் ஆளோடு போகும். கணினியோடு இணைத்து வைத்திருந்தால், இங்கே தவறி அழித்தது அங்கேயும் அழியும். இன்னொன்று, கூகுள் டாக்ஸில் எழுதிய ஆவணத்தை டிரைவ் கோப்புறையிலிருந்து வன்தட்டுக்கு நகல் எடுத்தால் வருவது ஆவணம் அல்ல, அதற்கான சுட்டி. உள்ளே ஒரு வரிகூட உங்கள் எழுத்து இருக்காது. ஏற்றுமதி செய்துதான் எடுக்க வேண்டும்.

---

ஆவணக்கிடங்கு

குரல்வழி அம்மா, நான் எண்ணிம (டிஜிட்டல்) காப்பகம் ஒன்றில் வேலை செய்கிறேன். வட்டும்நாடாவும் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அது ஆறு மாதத்துக்கான பதில். உங்கள் கேள்வி முப்பது ஆண்டுக்கானது.

இந்தத் துறையில் யார் பேச எழுந்தாலும் முதலில் சொல்லும் கதை பிபிசியின் டூம்ஸ்டே திட்டம். 1086-இல் இங்கிலாந்தில் எடுத்த நிலக்கணக்கு நூலின் 900-ஆம் ஆண்டை ஒட்டி, 1986-இல் நாட்டின் அன்றாட வாழ்க்கையை, பள்ளிப் பிள்ளைகளை எல்லாம் எழுத வைத்துத் திரட்டினார்கள். பன்னிரண்டு அங்குல லேசர் வட்டில் பதிந்து, பிபிசி மாஸ்டர் என்ற கணினியோடு இணைத்துப் பார்க்க வைத்தார்கள். பதினைந்து ஆண்டுக்குள் அதைப் படிக்கக் கருவி தேடி அலைய வேண்டியதாயிற்று. தோலில் எழுதிய பழைய நூலை இன்றும் படிக்கலாம். இவ்வளவில் கதையை நிறுத்தி, பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

எனக்கு மீதிக் கதைதான் முக்கியம். லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய கேமிலியான் திட்டம் அந்தப் பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருளை எழுதி, 2002-இல் ஓட்டிக் காட்டியது. 2011-இல் பிபிசி அந்தத் தரவின் ஒரு பகுதியைப் புதிய இணையதளமாக வெளியிட்டது. பிறகு அந்தத் தளமும் ஓய்ந்தது. இன்று அதன் பிரதி பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சேகரத்தில் இருக்கிறது. அதாவது வட்டு செத்தது, கணினி செத்தது, மீட்டவர்களின் தளமும் செத்தது. ஒவ்வொரு முறையும் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைத் தூக்கி அடுத்த இடத்தில் வைக்க ஒரு கூட்டம் இருந்ததால் தரவு பிழைத்தது. புகழ் பெற்ற திட்டம், ஆள் வந்தார்கள். நம் திட்டங்களுக்கு யார் வருவார்கள்?

ஆகவே எந்த வடிவம், எந்த வட்டு என்பதை இரண்டாவதாக வையுங்கள். இதைக் காப்பது தன் கடமை என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட நிறுவனம் எது என்பதுதான் முதல் கேள்வி. விண்வெளி நிறுவனங்களின் கூட்டுக் குழு எழுதி, பிறகு ஐஎஸ்ஓ 14721 என்று தரப்படுத்திய, காப்பகங்களுக்கான ஓஏஐஎஸ் மாதிரி அங்கேதான் தொடங்குகிறது. பொறுப்பை ஏற்றுக்கொள், நாளை இதைப் படிக்கப் போகிறவர் யார் என்று முன்கூட்டியே தீர்மானி, அவருக்குப் பிறர் துணையின்றிப் புரியும்படி விளக்கத்தைச் சேர்த்து வை. செயற்கைக்கோள் தரவுக்காக எழுதிய விதி கிராமத்துப் பாட்டியின் குரலுக்கும் அப்படியே பொருந்துகிறது.

நிறுவனம் என்றால் நிரந்தரம் என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் கலைப்புல ஆய்வுகளுக்கென்றே 1996-இல் ஏஎச்டிஎஸ் என்ற தரவுச் சேவையைத் தொடங்கினார்கள். 2008-இல் மைய நிதியை நிறுத்தினார்கள், சேவையும் நின்றது. அதன் உறுப்பாக இருந்த யார்க் பல்கலைக்கழகத் தொல்லியல் தரவுச் சேவை இன்றுவரை நடக்கிறது. காரணம் என் பார்வையில் மிகச் சாதாரணம்: ஒப்படைக்கும்போதே அகழாய்வுச் செலவோடு சேர்த்து ஒருமுறைக் கட்டணம் வாங்கும் பழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. ஒரே மானியத்தை நம்பி நிற்கவில்லை. காப்பகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நம்பகமான தரவுக் காப்பகங்களுக்குத் தரும் கோர்டிரஸ்ட்சீல் சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் மூடிவிட்டால் தரவு எங்கே போகும் என்ற கேள்விக்கு அந்தச் சான்று வாங்குபவர்கள் பதில் எழுதியாக வேண்டும்.

---

தேதிக்கணக்கு

ஃபைல்மேக்கர் என்றதும் வந்துவிட்டேன். உங்கள் கோப்பின் பின்னொட்டு என்ன? எஃப்எம்பி12 என்றால் கவலையில்லை. எஃப்பி7 என்றாலும் இன்றைய பதிப்பு மாற்றிக்கொள்ளும். எஃப்பி5 என்றால் சிக்கல். 12-ஆம் பதிப்பும் அதற்குப் பிறகு வந்தவையும் அதை நேராகத் திறக்காது. நடுவில் 7 முதல் 11 வரையுள்ள ஏதாவது ஒரு பதிப்பில் திறந்து எஃப்பி7 ஆக்கி, அதைப் புதியதில் திறக்க வேண்டும். அந்த நடுப் பதிப்பு ஓடும் பழைய கணினி உங்கள் துறை மூலையில் இருந்தால், தயவுசெய்து யாரும் அதைத் தூக்கிப்போட விடாதீர்கள்.

சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெற்று உரைப் பட்டியல்) ஆக எடுக்கும்போது படங்கள் வராது, தனியாக ஏற்றுமதி செய்யுங்கள். ஒரு புலத்தில் பல மதிப்பு போட்டிருந்தால் எப்படிப் பிரிகிறது என்று பாருங்கள். முக்கியமாக, புலங்களின் பெயருக்கு விளக்கம் எழுதுங்கள். ‘நிலை 2’ என்று ஒரு புலம் இருக்கும். பேச்சு சரிபார்க்கப்பட்டதா, அனுமதி வாங்கியதா, பதிவின் தரமா? அதை வைத்தவரைத் தவிர யாருக்கும் தெரியாது. அவர் உயிரோடு, நினைவோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும்.

அந்த எக்செல் தாள்களை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். எக்செல்லுக்கு உலகம் 1900 ஜனவரி 1-இல்தான் பிறக்கிறது. அதற்கு முந்தைய நாள் எதையும் அது தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தினால் 1887 ஒரு பக்கம், 1912 ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். வரலாற்று ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை உண்டா! பழைய மேக் பதிப்புகளில் கணக்கு 1904-இலிருந்து தொடங்கியது. இரண்டு வகைத் தாள்களுக்கும் இடையில் வெட்டி ஒட்டியிருந்தால் தேதிகள் 1,462 நாள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும், தள்ளி விழுந்திருக்கும். பார்த்தால் தெரியாது, நம்பும்படியாகவே இருக்கும். ஏட்டு எண் 3-4 என்று எழுதியிருந்தால் அது ஏதோ ஒரு மாதத்தின் தேதியாகியிருக்கும். மூலப் பட்டியலோடு ஒப்பிடாமல் எதையும் ஒப்படைக்காதீர்கள்.

நிச்சயமில்லாத தேதிகளுக்கு 2019-இல் ஐஎஸ்ஓ 8601-இன் இரண்டாம் பகுதியாக ஒரு முறை வந்திருக்கிறது. 1887? என்றால் ஐயம், 1887~ என்றால் ஏறத்தாழ. பாட்டி ‘பெரிய வெள்ளம் வந்த வருஷம்’ என்று சொன்னதை ஒரு புலத்திலும், நீங்கள் கணித்த ஆண்டை இந்த முறையில் இன்னொரு புலத்திலும் வையுங்கள். முதலாவதை அழித்துவிட்டு இரண்டாவதை மட்டும் வைக்கும் பழக்கம் எங்கள் துறையில் நிறைய.

---

எழுத்துருபுராணம்

வேர்டு கோப்புகளில் பழைய எழுத்துரு என்றீர்களே, அவசரம் அதில்தான் இருக்கிறது. யூனிகோடு 1991-இல் வந்துவிட்டாலும் நாம் எல்லோரும் அதற்கு மாற இன்னும் பதினைந்து ஆண்டு ஆயிற்று. இடைக்காலத்தில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வேறு உருவங்களை உட்கார வைத்து ஓட்டினோம். ஒலியியல் குறியீடுகளுக்கு எஸ்ஐஎல் ஐபிஏ93 இருந்தது, தமிழுக்கு டிஸ்கி, டாப், டாம் என்று பல இருந்தன. கோப்புக்குள் இருப்பது குறியெண் மட்டும். எழுத்துரு தொலைந்தால் திரையில் வருவது கொம்பு முளைத்த லத்தீன் எழுத்துக் குப்பை.

மாற்றிகள் கிடைக்கின்றன. ஆனால் எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் என்று தெரிய வேண்டும். ஒரே கோப்பில் தமிழ் ஒன்றிலும், உச்சரிப்புக் குறியீடு இன்னொன்றிலும் இருக்கும். ஆகவே கோப்பை வெற்று உரையாக்கிவிட்டு மாற்றாதீர்கள், எந்தச் சொல் எந்த எழுத்துருவில் என்ற தகவலே போய்விடும். வேர்டுக்குள் இருக்கும்போதே எழுத்துரு வாரியாக மாற்ற வேண்டும். டிஸ்கியில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் பதிவாகும், யூனிகோடில் பின்னால். மோசமான மாற்றி இதில் சறுக்கினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. மாற்றிய பிறகு நாலு சொல்லைத் தேடிப் பாருங்கள்.

மூலக் கோப்பு, எழுத்துருக் கோப்பு, மாற்றிய யூடிஎஃப்-8 (யூனிகோடு) உரை, எப்படி மாற்றினோம் என்ற குறிப்பு, நாலும் சேர்ந்தே காப்பகத்துக்குப் போகட்டும்.

---

பதிப்புக்குறிப்பு

தரவு தரவு என்று எல்லோரும் பேசுகிறீர்கள், அந்த இணையதளத்தை யாரும் கேட்கவில்லை. வரைபடத்தில் எந்த ஊர்களை ஒரே நிறத்தில் காட்டுவது, எந்தக் குரலை எந்தக் குரலுக்குப் பக்கத்தில் வைப்பது என்று முடிவு செய்ததும் ஆய்வுதானே? சிஎஸ்வியும் வேவும் மட்டும் மிஞ்சினால், கச்சேரி முடிந்து சுருதிப்பெட்டியை மட்டும் எடுத்து வைத்த மாதிரி இருக்கிறது.

எனக்கு இதில் சொந்த ஆற்றாமையும் உண்டு. நான் பங்கெடுத்த ஓர் ஒப்பீட்டுப் பதிப்பு, உலாவியில் அசைபடம் காட்டிய ஃபிளாஷ் மென்பொருளில் செய்தது. பாடபேதங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக நகரும். 2020 முடிவோடு ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றது, அடுத்த ஜனவரியில் இயங்குவதையே தடுத்துவிட்டார்கள். பாடங்களைக் குறியிட்டு வைத்த எக்ஸ்எம்எல் கோப்பு பத்திரமாக இருக்கிறது. அந்தப் பதிப்பு இல்லை.

---

ஆவணக்கிடங்கு

நியாயமான சண்டை. நான் உங்கள் பக்கம் பாதி வருகிறேன். ஃபிளாஷ் கோப்பு கையில் இருந்தால் ரஃபிள் என்ற திறந்த மூல மென்பொருளில் ஓட்டிப் பாருங்கள். எல்லாம் ஓடாது, பல ஓடும்.

ஆனால் ஓடும் தளத்தை ஓடும் நிலையிலேயே காப்பது என்பது பொருளைக் காப்பதல்ல, வேலையாளை வைத்துக்கொள்வது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் எண்ணிம ஆய்வகம் 2015-இல் தொடங்கியபோது முந்தைய ஆண்டுகளில் கட்டிய ஏறத்தாழ நூறு திட்டங்கள் அதன் தலையில் வந்து விழுந்தன. ஒவ்வொன்றாக உட்கார்ந்து, எதைத் தொடர்ந்து பராமரிப்பது, எதை நிலையான பக்கங்களாக்குவது, எதைக் காப்பகத்துக்கு அனுப்பி மூடுவது என்று உரியவர்களோடு பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. தொடர்ந்து பராமரிக்கும் பட்டியலில் உங்கள் தளம் இடம்பெற ஆண்டுதோறும் பணம் வேண்டும்.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் எண்டிங்ஸ் என்ற திட்டக்காரர்கள் காட்டிய வழி எனக்குப் பிடித்தது. தரவுத்தளத்தை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், உலகுக்குக் கொடுப்பது வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளாக இருக்கட்டும். தேடலும் உலாவிக்குள்ளேயே நடக்கட்டும். பிஎச்பி வேண்டாம், டேட்டாபேஸ் வேண்டாம், வெளியிலிருந்து எதையும் இழுக்க வேண்டாம். அந்தக் கோப்புறையைத் தூக்கி எந்தச் சர்வரில் வைத்தாலும் நடக்கும். குரல்வழி அம்மாவின் தளத்தில் உள்ள பக்கங்களை இப்படி ஒருமுறை சமைத்து எடுத்துவிடலாம். வரைபடம்தான் தொந்தரவு. பின்னணிப் படத்துண்டுகள் வேறு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகின்றனவா என்று பாருங்கள். அப்படியென்றால் அந்தப் பகுதியை மட்டும் எளிய வரைபடமாக மாற்ற வேண்டும்.

இதற்கும் ஆளில்லை என்றால் வார்க் என்ற இணையப் படிக் கோப்பு வடிவில் தளத்தைப் படியெடுங்கள். 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாளிலேயே சூச்சோ என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் சேர்ந்து அருங்காட்சியகங்கள், நூலகங்களின் ஆயிரக்கணக்கான தளங்களைப் படியெடுத்தார்கள். அங்கே பயன்பட்ட பிரவுசர்டிரிக்ஸ் போன்ற கருவிகள் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் படியெடுக்கும் நிரல் எந்தப் பக்கத்துக்குப் போனதோ அது மட்டுமே பதிவாகும். தேடல் பெட்டியில் யாரும் தட்டாத சொல்லுக்குப் பதில் அங்கே இராது.

---

பதிப்புக்குறிப்பு

சரி, நிலையான பக்கங்களுக்குச் சம்மதம். கூடவே தளம் எப்படி நடந்தது என்று திரையைப் பதிவு செய்த ஒரு காணொளி வைக்கச் சொல்லுங்கள். நாலு நிமிடம் போதும். இப்போது எனக்கு அதுகூட இல்லை.

---

மேகமூட்டம்

கேக்குறேன்னு கோச்சுக்காதீங்க. இத்தனை மெனக்கெட்டு வச்சா முப்பது வருஷம் கழிச்சு யார் திறந்து பாக்கப் போறா?

---

தேதிக்கணக்கு

இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் எழுத்துகளுக்குச் சொல்லடைவு செய்ய ரொபர்ட்டோ புசா என்ற பாதிரியார் 1949-இல் ஐபிஎம்மிடம் போனார். துளையட்டையில் தொடங்கியது காந்த நாடாவுக்குப் போய், 1970-களில் 56 தொகுதியாக அச்சாகி, குறுந்தட்டாகி, 2005-இல் இணையத்துக்கும் வந்தது. இன்று லத்தீன் மொழிக்கான இலக்கணப் பகுப்புத் தரவாக அதை மொழியியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். துளையட்டை அடித்த நாளில் இந்த வேலையை யார் நினைத்திருப்பார்கள்? இவருக்கு வாழ்நாள் நீண்டது, ஒவ்வொரு ஊடகத்துக்கும் மாற்றும்போதும் பின்னால் நின்றார். நமக்கு அந்த நிச்சயமில்லை.

---

குரல்வழி

எல்லோருக்கும் நன்றி. படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. சில நேர்காணல்களில் பேசியவர்கள் அண்டை வீட்டாரைப் பற்றியும், குடும்பத்துக்குள் நடந்த வன்முறை பற்றியும் சொல்லியிருக்கிறார்கள். ‘ஆராய்ச்சிக்குத்தானே, வைத்துக்கொள்’ என்று வாயால் சொன்ன சம்மதம் மட்டும் பதிவில் இருக்கிறது. இணையம் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. பேசியவர்களில் பலர் இன்று இல்லை. காப்பகத்துக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்கலாம் என்றாகிவிடுமா?

---

மொழிக்களம்

ஆகாது அக்கா, நீங்கள் அப்படிச் சொல்லிக் கொடுத்தால். அருகிவரும் மொழிகளின் பதிவுகளை வைத்திருக்கும் காப்பகங்களில் இது அன்றாட வேலை. 2003-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய பாரடிசெக், லண்டனில் தொடங்கி 2021-இல் பெர்லினுக்கு இடம்பெயர்ந்த எலார், இரண்டிலும் பதிவுக்குப் பதிவு வேறு வேறு அனுமதி வைக்கலாம். யாரும் கேட்கலாம், பதிவு செய்துகொண்டவர் கேட்கலாம், ஒப்படைத்தவரைக் கேட்டுத்தான் திறக்கலாம் என்று படிப்படியாக. இத்தனை ஆண்டு மூடியிருக்கட்டும் என்றும் எழுதலாம். ‘கேட்டுத்தான் திறக்கலாம்’ என்று போட்டால், கேட்க ஆள் இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஒப்படைத்தவர் இறந்த பிறகு யாரைக் கேட்பது என்று தெரியாமல் பூட்டியே கிடக்கும் தொகுப்புகள் உண்டு.

இன்னொரு பக்கமும் யோசியுங்கள். வட அயர்லாந்து ஆயுத மோதலில் ஈடுபட்டவர்களிடம் அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் நேர்காணல் எடுத்தது. நீங்கள் இறக்கும்வரை வெளிவராது என்பதுதான் பேசியவர்களுக்குச் சொன்ன உறுதி. 2011-இல் வட அயர்லாந்துக் காவல்துறை சார்பில் அமெரிக்க நீதிமன்றத்தின் வழியாக ஆணை வந்தது, சில பதிவுகளைக் கொடுக்க வேண்டியதாயிற்று. 2014-இல், கேட்பவர்களுக்குப் பதிவைத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்று கல்லூரி அறிவித்தது. காப்பகம் பூட்டலாம், நீதிமன்றம் திறக்கச் சொன்னால் திறக்க வேண்டும். உயிரோடிருக்கும் ஒருவருக்கு ஆபத்து வரும் என்று உறுதியாகத் தெரிந்த பகுதியை ஒப்படைக்காமலே இருப்பதும் ஒரு முடிவுதான். முடிந்தால் குடும்பத்தாரிடம் பேசுங்கள். சிலர் தாத்தாவின் குரலைக் கேட்கவே ஆசைப்படுவார்கள், அவர்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள். காப்பகத்துக்கு வெளியே பிழைக்கும் பிரதிகள் பெரும்பாலும் அப்படித்தான் பிழைக்கின்றன.

---

வட்டும்நாடாவும்

பிரதி என்றதும் ஒன்று. பெரிய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டோம் என்று கைப்பிரதியை அழித்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் மேல் 2023 அக்டோபரில் ரைசிடா என்ற இணையக் கொள்ளைக் கும்பல் நடத்திய கணினித் தாக்குதலில் இணையவழிச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. மூலங்கள் பிழைத்திருந்தும், அவற்றைக் காட்டும் பழைய மென்பொருள்களை மறுபடி நிறுவ முடியாமல் திணறினார்கள். அடுத்த ஆண்டு அவர்களே வெளியிட்ட அறிக்கையில் அதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். படிக்க வேண்டிய அறிக்கை. ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய லாக்ஸ் முறை, ஒன்றையொன்று சாராத பல நூலகங்களில் ஆளுக்கொரு பிரதி வைத்து, அவை தங்களுக்குள் ஒப்பிட்டுக் கெட்டதைச் சரிசெய்துகொள்ளும்படி அமைத்ததும் இந்த அச்சத்தால்தான்.

---

ஆவணக்கிடங்கு

இப்போது வேலை வரிசை. கோப்புகளைச் சுத்தம் செய்து முடித்துவிட்டுக் காப்பகத்துக்கு எழுதலாம் என்று இருக்காதீர்கள், இந்த வாரமே எழுதுங்கள். எந்த வடிவத்தில் வேண்டும், மெட்டாடேட்டா (தரவைப் பற்றிய விவரம்) எந்தப் படிவத்தில் என்று ஒவ்வோர் இடத்திலும் வேறுபடும். நீங்கள் ஒரு மாதம் உழைத்து வேறு மாதிரி அடுக்கியதை அவர்கள் மறுபடி பிரிக்கச் சொல்வார்கள். ஒலி பெரும்பாலும் வேவ் கேட்பார்கள். மூலம் எம்பி3 என்றால் அதையும் மூலமாகவே கொடுங்கள், வேவாக மாற்றினால் இழந்த ஒலி திரும்பாது. மினிடிஸ்கும் பதியும்போதே சுருக்கித்தான் பதிந்தது, அதைக் குறிப்பில் எழுதுங்கள். படங்களுக்கு டிஃப், பட்டியலுக்கு சிஎஸ்வி. அட்டவணைகளுக்கிடையே உறவு இருந்தால் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளக் கோப்பும் சேர்க்கலாம், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் பரிந்துரைக்கும் வடிவங்களில் அது ஒன்று.

துறைக் காப்பகம் எதுவும் ஏற்காவிட்டால், ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான சேர்ன் நடத்தும் செனோடோ என்ற தரவுக் களஞ்சியம் இருக்கிறது. 2013-இலிருந்து நடக்கிறது, கட்டணமில்லை, பொதுவாக ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை ஏற்றலாம், மேற்கோள் காட்ட நிலையான டிஓஐ எண் கிடைக்கும். ஆனால் அங்கே உங்கள் ‘நிலை 2’ என்ன என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்திருப்பார்கள். மூடிவைக்க வேண்டிய நேர்காணல்களை அங்கே போடாதீர்கள்.

நேரம் போதவில்லை என்றால் இணையதளத்தை வார்க் படியோடு விட்டுவிடுங்கள். பட்டியலுக்கும் எழுத்துரு மாற்றத்துக்கும் நேரத்தைக் கொடுங்கள். பேராசிரியரோடு இரண்டு மூன்று மதியம் உட்கார்ந்து அவர் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். தரவில் இல்லாதது அவர் தலையில் இருக்கிறது.

---

குரல்வழி

பேராசிரியரிடம் பேசிவிட்டேன், உட்காருகிறேன் என்கிறார். ஒரு காப்பகத்துக்கும் எழுதினேன். ஒப்படைப்புப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். அதில் ‘அனுமதி குறித்து எதிர்காலத்தில் தொடர்புகொள்ள வேண்டியவர்’ என்று ஒரு கட்டம். பேராசிரியர் பெயரா, என் பெயரா?

---

மொழிக்களம்

இரண்டும் வேண்டாம் அக்கா. ஆள் பெயர் எழுதாமல் பதவியை எழுதுங்கள், துறைத்தலைவர் அல்லது நூலகர் என்று. மின்னஞ்சலும் அந்தப் பதவிக்குரியதாக இருக்கட்டும். அதன் கீழே இன்னொரு வரியும் கேட்டு வாங்குங்கள்: இத்தனை மாதம் பதில் வராவிட்டால் காப்பகமே முடிவெடுக்கலாம், எந்தெந்த நேர்காணலுக்கு அது பொருந்தாது என்று. அந்தப் பட்டியலைப் பேராசிரியரோடு உட்காரும் முதல் மதியத்திலேயே எழுதிவிடுங்கள்.